மொஹிதீன் நாநா விழவில்லையாம்

1

இந்தக் கதை எனக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றில் கிடைத்தது. முழங்காலில் கத்தி வைத்த மறுநாள் என் மணிக்கட்டில் மஞ்சள் பட்டி ஒன்றைக் கட்டி, 'விழக்கூடியவர்' என்று எழுதிய அட்டையைத் தலைமாட்டில் தொங்கவிட்டுப் போனார்கள். இத்தனை காலம் எழுதியும் எந்த விமர்சகரும் என்னைப் பற்றி இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

கட்டிலின் இரண்டு பக்கமும் கம்பி. மணி அடிக்காமல் எழும்பக் கூடாது. வழுக்காத செருப்பு போட வேண்டும். தாதி நளீரா வந்து வந்து, தண்ணீர் வேண்டுமா, வெளியே போக வேண்டுமா, கண்ணாடி கைக்கு எட்டுகிறதா என்று கேட்பார். எரிச்சல் தாங்காமல் ஒரு தடவை, "இதையெல்லாம் முதலில் யோசித்தது யார், மகள்?" என்றேன்.

"அது எனக்குத் தெரியா சேர். யாராவது உழுந்திருப்பாங்க. அதப் பாத்துட்டுச் சும்மா இருக்க ஏலாம இன்னொராள் யோசிச்சிருப்பாங்க."

விழுந்த ஒருவர், சும்மா இருக்க முடியாத ஒருவர். ஒரு கதைக்கு வேறென்ன வேண்டும்? கடதாசி கேட்டு வாங்கினேன். மீதி எல்லாம் என் கற்பனை. கருமலைத் தோட்டம் என்று ஒரு தோட்டத்தை லுணுகலைக்கு மேலே நானாகவே உண்டாக்கி வைத்திருக்கிறேன். வரைபடத்தில் தேடி என்னைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

2

முதல் தொடக்கம்: "ஊவா மலைகளின் மீது பனி ஒரு வெள்ளைச் சேலையைப் போல..."

(வெட்டிவிட்டேன். கதைகளில் பனி எப்போது வந்தாலும் சேலை கட்டிக்கொண்டுதான் வருகிறது.)

இரண்டாவது தொடக்கம்: "1920ஆம் ஆண்டளவில் தோட்டத் தொழிலாளரிடையே கொக்கிப்புழு நோயின் பரவலானது..."

(எழுதும்போதே கொட்டாவி வந்தது. ஆனாலும் அந்தப் புழு நமக்கு வேண்டும். பிறகு வரட்டும்.)

மூன்றாவது: "மாடசாமி கட்டிலிலிருந்து விழுந்தான்."

இது நல்லது. இதிலிருந்து போகலாம்.

மாடசாமி கட்டிலிலிருந்து விழுந்தான். நல்ல வெளிச்சத்தில், மத்தியானக் கஞ்சி குடித்துவிட்டு அயர்ந்து தூங்கும்போது. கருமலைத் தோட்டத்தில் கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தேயிலைச் செடி வெட்டுகிறவன். காய்ச்சல் என்று தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தான். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை புதிதாக வரவழைத்த இரும்புக் கட்டில்கள் அங்கே கிடந்தன. பண்டாரவளை வரை ரயிலில் வந்து, அங்கிருந்து மாட்டுவண்டியில் மலையேறி வந்த கட்டில்கள். இடுப்பு உயரம். மாடசாமி பிறந்ததிலிருந்து லயம் என்ற வரிசை வீட்டுத் தரையில் பாய் விரித்துப் படுத்தவன். அவன் உடம்புக்குத் தெரிந்தது ஒன்றுதான்: புரண்டால் பக்கத்தில் தரை இருக்கும்.

சத்தம் கேட்டு ஓடி வந்தவள் கருப்பம்மா. நோயாளிகளைக் குளிப்பாட்டுவது, கஞ்சி ஊற்றுவது, மருந்து குடிக்க வைப்பது என்று ஆஸ்பத்திரியில் எல்லா வேலையும் பார்க்கும் ஒரே பணிப்பெண்.

"என்னாச்சு மாடசாமி?"

"ஒண்ணும் இல்லக்கா. பொரண்டு படுத்தேன். தரையக் காணோம்."

கூடம் முழுக்கச் சிரித்தது. மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது தெரியும்வரை மாடசாமியும் சிரித்தான்.

(நானும் சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். அடுத்த பகுதியில் அது முடியாது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.)

3

இப்போது புழு. வெறுங்காலோடு மண்ணில் நடப்பவர்களின் உள்ளங்கால் வழியாக ஏறி, குடலில் கொக்கி போட்டுத் தொங்கி இரத்தம் குடிக்கும் புழு. வந்தவர்களுக்கு முகம் வெளுக்கும், கால் வீங்கும், மலையேற மூச்சு வராது. அதற்கு ஓர் எண்ணெய் மருந்து கொடுத்தார்கள். வெறும் வயிற்றில் மருந்து, பிறகு பேதிக்கு உப்புத் தண்ணீர். மருந்து தலையைச் சுற்ற வைக்கும். உப்பு கக்கூஸுக்கு ஓட வைக்கும். இரண்டும் ஒரே நேரத்தில். கக்கூஸோ கூடத்துக்குப் பின்னால், கல் படிகளுக்குக் கீழே.

இராக்கம்மா கொழுந்து பறிக்கிறவள். பிறத்தியாருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூசுகிறவள். மருந்து குடித்திருந்தவள், கருப்பம்மா வேறு ஒருத்திக்கு வாந்தி பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துக் கூப்பிடவில்லை. தானே எழுந்து, சுவரைப் பிடித்துப் போனாள். படியில் சுவர் இல்லை.

மறுநாள் இறந்துபோனாள்.

(இந்த இடத்தில் அவளுடைய சாவை ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அவளுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். வந்து அம்மாவின் கம்பளியை மடித்து எடுத்துக்கொண்டு போனார்கள். அது போதும்.)

ஆஸ்பத்திரியின் பொறுப்பாளர் வீரசிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர். மருந்து கலக்கிக் கொடுக்கும் உத்தியோகம்தான், என்றாலும் தோட்டத்துக்கு அவர் 'டாக்டரையா'. என் முதல் பிரதியில் அவர் வில்லன். "வீரசிங்கத்தின் முகத்தில் ஈரத்தின் சுவடே..." என்று ஒரு வாக்கியம் அரைவாசியில் நிற்கிறது, பாருங்கள். ஏன் நிற்கிறதென்றால், அதற்குள் அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று எட்டிப் பார்த்துவிட்டேன். கோட்டைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டு, குந்தியிருந்து, அந்தக் கல் படியைத் தானே தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். கருப்பம்மா வாளியை வாங்கப் போனபோது கொடுக்கவில்லை. பிறகு பல நாள் மத்தியானச் சாப்பாட்டை அப்படியே திருப்பி அனுப்பினார்.

இவரை வில்லனாக வைத்து நான் எப்படிக் கதையை ஓட்டுவேன்? பயந்துபோன மனிதர். பயந்த மனிதர் செய்வதைத்தான் செய்தார்.

"வயித்துப் பூச்சி மருந்து குடிக்கிற ஆக்களை இனிக் கட்டிலோடை சேத்துக் கட்டு. இடுப்பிலை, அகலத் துணியாலை. பின்னேரம் அவிட்டால் போதும்."

"கட்டறதுங்களா டாக்டரையா?"

"கட்டினால் விழமாட்டினம். வேறை வழி எனக்குத் தெரியேல்லை, கருப்பம்மா."

கருப்பம்மா கட்டினாள். (அவளை அப்போதே எதிர்த்துப் பேச வைக்க எனக்கு ஆசைதான். ஆனால் இராக்கம்மாவைத் தூக்கியவளும் அவள்தானே. அவளுக்கும் பயம்.) இறுக்காமல், நழுவாமல், நன்றாகவே கட்டினாள். யாரும் விழவில்லை. டாக்டரையா மறுபடி சாப்பிடத் தொடங்கினார்.

4

பாக்கியலெட்சுமி வந்தாள். கல்யாணமாகி அதிக காலம் ஆகாதவள். உதடு வெள்ளைக் கடதாசி மாதிரி இருந்தது. கொழுந்தெடுக்க மலைக்குப் போய்ப் பாதியில் கூடையோடு உட்கார்ந்துவிடுகிறாள் என்று கங்காணி அனுப்பி வைத்திருந்தார். இரண்டு தடவை மருந்து குடித்தால்தான் பிழைப்பாள் என்று டாக்டரையா சொல்லிவிட்டார்.

முதல் தடவை குடித்தாள். கட்டினார்கள். கருப்பம்மா பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஆண்கள் பகுதியில், மயங்கிக் கிடந்த ஒருவனுக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா! அக்கா, அவுத்து விடுங்க! அக்கா!"

கருப்பம்மா வந்தபோது நேரம் கடந்துவிட்டது. பாக்கியலெட்சுமி இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தாள். சுற்றிலும் உள்ள பெண்கள் வேறு பக்கம் பார்த்தபடி படுத்திருந்தார்கள். அவள்மீது இரக்கப்பட்டுத்தான் பார்க்காமல் இருந்தார்கள். அது அவளுக்கு இன்னும் வலித்திருக்கும். கருப்பம்மா அவிழ்த்து, கழுவி, தன் சேலை ஒன்றைக் கொடுத்தாள். அதுவரை பேசாமல் இருந்தவள் சேலையைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்:

"மாட்டக் கட்டுனாக்கூட நின்னுக்கவாவது விடுவாங்கக்கா."

அன்று பின்னேரமே லயத்துக்குப் போய்விட்டாள். இரண்டாம் மருந்து அப்படியே போத்தலில்.

கதை அவளுக்கு முன்னாலேயே லயத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. 'கட்டிப் போடுற ஆசுபத்திரி.' மறுநாள் காலையில் பெரட்டுக் களத்தில், ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் நேரம், மருந்துக்குப் போக வேண்டியவர்களைக் கூப்பிட்டார்கள். எல்லோரும் திடீரென்று மலையேறும் சுகத்தோடு இருந்தார்கள். வெளுத்த முகமும் வீங்கிய காலுமாக ஒவ்வொருவராக மலைக்குப் போனார்கள். ஆஸ்பத்திரிக் கட்டில்கள் காலியாகக் கிடந்தன. இனி யாரும் விழப்போவதில்லை. இலங்கையிலேயே பாதுகாப்பான ஆஸ்பத்திரி அதுவாகத்தான் இருந்திருக்கும்.

5

(இதோ சண்டை. இதை எழுதத்தான் கடதாசி கேட்டேன்.)

கருப்பம்மா கட்டுத் துணிகளையெல்லாம் துவைத்து, காயவைத்து, மடித்து, டாக்டரையாவின் மேசையில் கொண்டுபோய் வைத்தாள்.

"இனிமே நான் கட்ட மாட்டேங்க."

"விசரோ உனக்கு? இராக்கம்மா செத்தது மறந்துபோச்சோ?"

"மறக்கலீங்க. அவ தலைய மடியில வச்சிருந்தவ நான்தானே."

"அப்ப?"

"அவ ஏன் எந்திரிச்சுப் போனா? கூப்புட வெக்கப்பட்டுத்தானே? நான் முன்னாடியே போயி, புள்ள, வெளிய போகணுமான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பா. அவங்க கூப்புடட்டும்னு நாம காத்திருக்கோம். நாம போயி கேக்கணுங்க."

"எல்லாரிட்டையும் எந்த நேரமும் போய்க் கேப்பியோ? உனக்கு ரண்டு கால்தானே!"

"கேப்பேங்க."

வீரசிங்கம் யன்னலுக்கு வெளியே பார்த்தார். யன்னலுக்கு வெளியே கல் படி.

"சரி. ஆனா இனி ஒராள் விழுந்தாலும், பிறகு இந்தத் துணிதான். நீயும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகலாம். சம்மதமோ?"

"சம்மதங்க."

அவள் மறுபேச்சில்லாமல் சம்மதித்தது எனக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சம் யோசிக்க வைத்திருக்கலாம். ஆனால் சில பேர் அப்படித்தான். வாயிலிருந்து வந்த பிறகுதான் கணக்குப் பார்ப்பார்கள். கிணற்றடிக்குப் போன பிறகு அவள் கட்டில்களை விரல் விட்டு எண்ணினாள்.

6

இப்போது நமக்கு ஒரு நோயாளி வேண்டும். தோட்டத்தில் யாரும் வர மாட்டார்கள். அதனால் வெளியிலிருந்து ஒருவரை வரவழைக்கிறேன்.

மொஹிதீன் நாநா லுணுகலைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருப்பவர். தோட்டம் தோட்டமாகத் துணி மூட்டையோடு வருவார். நாநா, அதாவது அண்ணன், என்றால் தோட்டத்தில் குழந்தைக்கும் தெரியும். கருமலைக்கு வந்த இடத்தில் மலேரியா உலுக்கிப் போட்டுவிட்டது. மழையில் பாதை சரிந்திருந்ததால் கீழே ஊருக்குக் கொண்டுபோகவும் முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவர் தைரியமாகக் கட்டிலேறிப் படுத்ததைக் கேள்விப்பட்டு இன்னும் சில பேர் தயங்கித் தயங்கி வந்தார்கள்.

கருப்பம்மா சொன்னபடியே சுற்றிக்கொண்டிருந்தாள். "தண்ணி வேணுமா? வெளிய போகணுமா? எந்திரிச்சு ஒக்காரணுமா?" அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி, மறுபடி அந்தக் கோடி.

"தங்கச்சி," என்றார் நாநா, "நீ இப்பதானே கேட்டுட்டுப் போனது? நான் என்ன தொட்டில் புள்ளயா?"

"கோவிச்சுக்காதீங்க நாநா. கேக்கலேன்னா எனக்கு மலைதான்."

ஒப்பந்தம் கூடம் முழுக்கத் தெரிந்திருந்தது. பலகைத் தடுப்புக்குக் காது உண்டு.

ஒரு மத்தியானம் நல்ல மழை. மலேரியாவுக்குக் கொடுத்த கொயினா மருந்து நாநாவின் காதில் வண்டு மாதிரி இரைந்துகொண்டிருந்தது. கருப்பம்மா வந்து, "நாநா, வெளிய போகணுமா?" என்றாள்.

போக வேண்டும். அவசரமாகவே போக வேண்டும். ஆனால் ஒரு பெண்பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது? அவள் தோளைப் பிடித்துக்கொண்டா போவது?

"இல்ல தங்கச்சி."

அவள் பெண்கள் பக்கம் போனதும் இடுப்புச் சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கட்டிலிலிருந்து இறங்கினார். பின்வாசல் நிலைப்படியில் சாரல் அடித்துத் தண்ணீர் தேங்கியிருந்தது. நாநா விழுந்தார். துணி மூட்டை விழுகிற மாதிரி, முழுதாக.

முதலில் ஓடி வந்தவள் கருப்பம்மா. அடுத்தது வீரசிங்கம். நாநா அதற்குள் நிலையைப் பிடித்து, காலை மடக்கி, கடையில் கல்லாவுக்குப் பின்னால் இருப்பவர் போல உட்கார்ந்துவிட்டார்.

"விழுந்தீங்களோ?" என்றார் வீரசிங்கம்.

"யாரு, நானா? நான் உழல்ல டாக்டர். மழை பாக்கோணும் போல ஈந்திச்சி. சும்மா குந்தினேன்." முழங்கையில் இரத்தம் வழிந்தது. அதைச் சாரத்தில் துடைத்துக்கொண்டார். "இந்தத் தங்கச்சி மேல ஒரு பிழையும் இல்ல."

வீரசிங்கம் கருப்பம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"விழுந்தவரோ, இல்லையோ?"

7

இந்த இடத்தில் நான் ஒரு நாள் முழுக்க மாட்டிக்கொண்டேன்.

அவள் பேசாமல் நின்றால் போதும். நாநாவே விழவில்லை என்கிறார். டாக்டரையாவுக்கும் நம்பத்தான் விருப்பம். கட்டு இல்லை, மலை இல்லை, எல்லோருக்கும் சந்தோஷம். அப்படியே எழுதினேன். நன்றாகவும் வந்தது. ஆனால் எழுதி முடித்துப் படிக்கும்போது, அந்த நிலைப்படியில் தண்ணீர் அப்படியே தேங்கி நின்றது. அதைத் தாண்டி அடுத்து வரப்போகிறவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. கிழித்துவிட்டேன்.

"விழுந்தாருங்க," என்றாள் கருப்பம்மா.

"ஏன் தங்கச்சி!" நாநாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "நான் ஒனக்காகப் பொய் சொல்றேன், நீ என்னைக் காட்டிக் குடுக்கிறே!"

"நாநா நல்ல மனசோட சொல்றாருங்க. ஆனா விழுந்தாரு. அந்த எடத்துல தண்ணி நிக்கிது. மறைச்சா நாளைக்கி இன்னொருத்தர் அங்கேயேதான் விழுவாங்க. நான் கேட்டேங்க, போகணுமான்னு. இல்லன்னாரு. ஆம்பளைக்கி எங்கிட்ட சொல்லக் கூச்சமா இருக்கும்னு எனக்குத் தோணல. அது என் தப்பு." மேசைப் பக்கம் கை காட்டினாள். "துணிய எடுங்க டாக்டரையா. நான் மலைக்குப் போறேன்."

வீரசிங்கம் துணியை எடுக்கப் போகவில்லை.

"எந்தக் கட்டில்?" என்றார்.

காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றினார். மொஹிதீன் நாநாவின் கட்டிலில் ஏறி, கோட்டோடு மல்லாந்து படுத்தார். கூடம் எழுந்து உட்கார்ந்து பார்த்தது. பிறகு அவர் எழும்பப் பார்த்தார்.

"அப்பிடி இல்ல டாக்டர்," என்றார் நாநா, தன் முழங்கையை மறந்து. "கண்ண மூடுங்க. தல சுத்தோணும். காது இரையோணும். அவசரமா ஈக்கோணும்!"

டாக்டரையா கண்ணை மூடினார். ஒரு காலைக் கீழே விட்டார். அது காற்றில் தொங்கித் துழாவியது.

"தரை எங்கை?" என்றார்.

முறிந்த கையின் கட்டைக் காட்ட வந்திருந்த மாடசாமி, "அதத்தாங்க நானும் கேட்டேன்," என்றான்.

கண்ணை மூடியபடியே, கையை நீட்டி நீட்டி, வீரசிங்கம் பின்வாசல்வரை நடந்தார். பிடிக்க ஒன்றும் அகப்படவில்லை. நிலைப்படியில் கால் வழுக்கியது; கருப்பம்மாவும் நாநாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். கண்ணைத் திறந்தவர் அதே இடத்தில் நின்று வரிசையாகச் சொல்லத் தொடங்கினார்: கட்டில் காலை அறுக்க வேண்டும், வாசலுக்குத் தாழ்வாரம் இறக்க வேண்டும், படிக்கு மண் நிரப்பிச் சரிவாக்க வேண்டும். நாநா குறுக்கிட்டு, சுவர் நெடுக மூங்கில் கட்டினால் ஒரு மனுஷன் யாரையும் பிடிக்காமல் மானமாகப் போகலாம் என்றார். ஆண்கள் பக்கம் கேட்க, தண்ணீர் தூக்கும் இராமையாவைப் போடலாம் என்றாள் கருப்பம்மா. மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவளை மலைக்கு அனுப்பும் பேச்சு அதற்குள் எங்கேயோ தொலைந்துபோனது.

எல்லாம் செய்து முடித்த சில நாளில் துரை வந்தார். வாசலில் அடுக்கியிருந்த கட்டில் கால்களைப் பார்த்துவிட்டுக் குதிரையிலிருந்து குதித்தார்.

"யார் வெட்டினது?"

"நான்தான் சேர்," என்றார் வீரசிங்கம்.

துரை நம்பாமல் ஒரு கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார். முழங்கால் தாடைக்கு வந்தது. எழும்ப முடியவில்லை. எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

(கருப்பம்மாவின் கையைப் பிடித்து அவர் எழும்பியதாக எழுதினேன். அழகாக இருந்தது. பிறகு ஆண்டு 1920 என்பது நினைவுக்கு வந்து அடித்துவிட்டேன். கட்டில் சட்டத்தைப் பிடித்து, முக்கி, தானாகவே எழும்பினார்.) "இனி ஒன்றும் வெட்டாதே," என்று சொல்லிவிட்டுப் போனார். அறுக்க இனி ஒன்றும் மிச்சமில்லை.

8

பாக்கியலெட்சுமியை நான் மறக்கவில்லை. கருப்பம்மாவும் மறக்கவில்லை. லயத்துக்குப் போனாள். பாக்கியலெட்சுமி அடுப்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்கியது. இவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னைக் கட்டுனதுக்கு நான் ஒங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும் புள்ள."

பாக்கியலெட்சுமி அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

"ரெண்டாம் மருந்து குடிக்கலேன்னா நீ பொழைக்க மாட்ட."

"கட்டுவீங்களா?"

"கட்ட மாட்டோம்."

"விழுந்தா?"

கருப்பம்மா பொய் சொல்ல நினைக்கவில்லை. "விழக்கூடாதுன்னுதான் எல்லாம் செஞ்சு வச்சிருக்கோம். முன்னாடி நான் கேட்டுக்கிட்டே இருந்தும் நாநா விழுந்தாரு. நான் பக்கத்துலயே இருப்பேன். நீ வாயத் தொறந்து சொல்றதுக்கு முந்தியே வந்து கேப்பேன். அதுதான் என்னால முடிஞ்சது."

பாக்கியலெட்சுமி அடுப்பை அணைத்துவிட்டு, "ஒங்க சேல ஒண்ணு எங்கிட்டதான் இருக்கு," என்றாள். "எடுத்துக்கிட்டு வர்றேன்."

வந்தாள். மருந்து குடித்தாள். இப்போது தாழ்ந்த கட்டிலில் படுத்திருக்கிறாள். கூரை சுற்றுகிறது. கருப்பம்மா குனிந்து, மெல்ல, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காதபடி கேட்கிறாள்:

"போகணுமா புள்ள?"

"ம்."

பாதம் தரையில் படுகிறது. எழுந்து நிற்கிறாள். கருப்பம்மா கையை நீட்டுகிறாள். பாக்கியலெட்சுமி அந்தக் கையைப் பார்க்கிறாள். அவளைக் கட்டிய கை.

பிடித்துக்கொள்கிறாள் என்று ஒரு முடிவு எழுதினேன். பிடிக்காமல் மூங்கிலைப் பிடித்துத் தனியாகப் போகிறாள் என்று இன்னொன்று. தடுமாறுகிறாள் என்று மூன்றாவது ஒன்று. அதை எழுதிவிட்டு நிம்மதியாக இருக்க முடியவில்லை. எதையும் வைத்துக்கொள்ளப் போவதில்லை. இவ்வளவு தூரம் நடந்து வந்தவளை எந்தப் பக்கமும் நான் தள்ள விரும்பவில்லை.

அவள் இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள். ஒரு பக்கம் கருப்பம்மா. மறுபக்கம் யாரும் இல்லை.

நீங்கள் கொஞ்சம் கிட்ட வாருங்கள். முதலில் அவளிடம் கேளுங்கள். பிறகு கையை நீட்டுங்கள்.